நாற்பத்தாறு நாள் உள்ளே இருந்த ஊழியர் குறித்து மாமாவுக்கு

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு,

இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எல்லோரும் என்பதில் யார் யார் அடக்கம் என்று முடிவாகாததால் அந்த வரியை நிறுத்தி வைத்திருக்கிறேன். போனில் சொன்னால் "வந்து பேசிக்கலாம்டா" என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால் நீங்கள் தங்கியிருக்கும் விடுதிக்கே கூரியரில் இதை அனுப்புகிறேன். 'பராமரிப்புத் தொழிலில் பணியாளர் கண்ணியம்' என்ற உங்கள் சொற்பொழிவுக்கு முன்னால் படித்தால் நல்லது. பின்னால் படித்தால் தமாஷாக இருக்கும்.

தொழிலாளர் துறை ஆய்வு வருகிறது, நம் கம்பெனியில் யாரும் கொத்தடிமை இல்லை என்று கம்ப்யூட்டரில் காட்டு என்றீர்கள். காட்டினேன். ஒவ்வொரு நோயாளி வீட்டு வாசலிலும் ஒரு ஸ்டிக்கர்; ஊழியர் வரும்போது ஒரு ஸ்கேன், போகும்போது ஒரு ஸ்கேன். பதின்மூன்று பேர் கணக்கும் சரியாக வந்தது. பதினான்காவது, அந்த ஓய்வு பெற்ற தலைமையாசிரியரைப் பார்த்துக்கொள்ளும் அக்கா. நாற்பத்தாறு நாள் முன்பு உள்ளே போனதாக ஒரு ஸ்கேன், அப்புறம் ஒன்றுமே இல்லை. ஆயிரத்து நூறு மணி நேரம் ஒரே ஷிப்ட்! மென்பொருளில் கோளாறு என்று நினைத்தேன். எந்த இன்ஜினியரும் அப்படித்தான் நினைப்பான். தினமும் காலையில் 'வந்தார்' என்றும் மாலை ஆறு மணிக்கு 'வெளியேறினார்' என்றும் தானாகப் பதியும்படி ஒரு வரி எழுதினேன். அறிக்கை பளிச்சென்று ஆனது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க மென்பொருள் எழுதிய முதல் ஆள் உங்கள் அக்கா மகன்தான்.

வாசல் ஸ்டிக்கர் கிழிந்திருக்கும், அதை மாற்றிவிட்டால் வேலை முடிந்தது என்று நேற்றுக் காலை அந்த வீட்டுக்குப் போனேன். அவசரமாக ஆபீஸ் கிளம்பிக்கொண்டிருந்த தலைமையாசிரியரின் மகன், என்னை உள்ளே விட்டுவிட்டு, பழக்க தோஷத்தில் வெளியே பூட்டிக்கொண்டு போய்விட்டார். போன் அடித்தேன், மீட்டிங்காம். ஒன்பது மணி நேரம், மாமா. அன்றைக்கு எனக்கு நாலு அவசர வேலை இருந்தது.

"ஏங்க்கா, போகும்போது ஸ்கேன் பண்ண மாட்டீங்களா?" என்றேன், அந்த நிலைமையிலும்.

"ஸ்டிக்கர் வெளிய இருக்கு தம்பி. நான் உள்ள இருக்கேன்" என்றார் அந்த அக்கா, தலையணை உறையை மாற்றிக்கொண்டே.

கட்டிலில் இருந்த பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார். "எனக்கு மறதி, எங்கயாவது போயிருவேன்னு பூட்டுறான். சரி. இந்தப் பொண்ணுக்கு என்னய்யா வியாதி?"

சுவரில் நான் ஒட்டச் சொன்ன நோட்டீஸ் இருந்தது: துன்புறுத்தலா, உடனே அழையுங்கள். அழைத்தேன்.

"உதவி மையம், சொல்லுங்க" என்றது அத்தையின் குரல்.

"அத்தை, நான்தான்."

"நீயா? புகாரா? யார் மேல?"

"நம்ம மேலதான்."

"லைன் சரியில்லடா" என்று வைத்துவிட்டார்.

மகளுக்குப் பன்னிரண்டாம் தேதி கண் ஆபரேஷன் என்று அந்த அக்கா அப்போதுதான் சொன்னார். கடல் தாண்டி ஊருக்குப் போக வேண்டும். விமான டிக்கெட்டை அவர் அண்ணன் எடுத்து அனுப்பிவிட்டார், பத்தாம் தேதிக்கு. பாஸ்போர்ட் நம் ஆபீஸ் பீரோவில். மூன்று தடவை கேட்டாராம். சாயங்காலம் விடுதலையானதும் நேரே அத்தையிடம் போய் நின்றேன்.

"பத்திரமா இருக்கட்டும்னு வாங்கி வச்சிருக்கோம். தொலைச்சுட்டா யாருடா பொறுப்பு?"

"கேட்டா கொடுக்கணும்ல?"

"எழுதிக் கேக்கலையே."

"வெளிய வந்தாத்தானே அத்தை எழுதிக் கொடுக்க முடியும்?"

"வந்துட்டான் பெரிய வக்கீலு! அவ போயிட்டா பெரியவரை யாரு பாத்துக்கறது? நீ பாக்கறியா?"

அத்தை சாய்ந்து நின்ற பீரோக் கதவில், நான் நாலு வண்ணத்தில் அச்சடித்த போஸ்டர்: 'பணியாளரின் பாஸ்போர்ட்டை நிறுவனம் வைத்திருப்பது குற்றம்.' டேப் கூட நேராக ஒட்டியிருந்தது.

நான் சுற்றி வளைக்கத் தெரியாதவன். தலைமையாசிரியரின் மகனிடம் பூட்டைக் கழற்றச் சொல்லுங்கள். அத்தையிடம் பாஸ்போர்ட்டுகளைக் கொடுக்கச் சொல்லுங்கள். ஊருக்கு உபதேசம் முடிந்ததும் வீட்டுக்கும் கொஞ்சம் செய்யுங்கள். கம்பெனி உங்களுடையது, பெரியவர் நீங்கள். உங்கள் சம்மதம் வராமல் ஒரு துரும்பைக்கூட நகர்த்த மாட்டேன், அறிக்கையிலும் கை வைக்க மாட்டேன். இது சத்தியம்.

உங்கள் உடம்புக்கும் தொண்டைக்கும் ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். மேடையில் கைதட்டல் கிடைத்தால் அதில் என் பங்கையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

பணிவுடன்,
உங்கள் அக்கா மகன்
9ஆம் தேதி

பின்குறிப்பு: இன்று பத்தாம் தேதி. கடிதம் உங்கள் கைக்கு வர மூன்று நாள் ஆகும் என்கிறார் கூரியர்காரர். கண் ஆபரேஷன் அதுவரை காத்திருக்காது. பீரோவின் நம்பர் பூட்டைப் பொருத்தியவன் நான். பதினான்கு பாஸ்போர்ட்டும் பதினான்கு பேர் கையில். தலைமையாசிரியரின் மகனை எழுப்பிப் பூட்டைத் திறக்க வைத்து, அந்த அக்காவை விடிந்ததும் விமான நிலையத்தில் இறக்கிவிட்டேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. நிஜ மணிக்கணக்கு ஆய்வாளருக்குப் போய்விட்டது, ஆறு மணி வரியை எழுதியவன் பெயரோடு. பெரியவர் தனியாக இல்லை, கவலை வேண்டாம். மாற்று ஆள் கிடைக்கும்வரை அத்தையே போயிருக்கிறார். காலை எட்டு மணிக்கு வேலையில் சேர்ந்தார். பத்து மணிக்கு லீவு கேட்டார்.