தேவிபட்டினத்தில் சுற்றிய சுற்று

ஆர்.எஸ்.மங்கலம்,
வியாழக்கிழமை.

அன்பும் அதட்டலும் சரிபாதியாக வாய்க்கப்பெற்ற உமாமகேஸ்வரி அக்காவின் சமூகத்துக்கு, உடன்பிறந்த தம்பி முத்துகிருஷ்ணன் வணக்கம் சொல்லி எழுதிக்கொண்டது. இங்கு நானும் வீரலட்சுமியும் மகள் துர்காதேவியும் சுகம். சாயல்குடியில் நீயும், ஆபரேஷன் செய்த உன் முழங்காலும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். அந்த முழங்காலால்தான் நீ துர்காவின் நிச்சயதார்த்தத்துக்கு வரமுடியாமல் போனது. நடந்ததை ஆளாளுக்குப் போனில் ஒரு மாதிரிச் சொல்லியிருப்பார்கள். எதையும் நம்பாதே. நடந்தது இதுதான்.

என் குணம் உனக்குத் தெரியும். முப்பத்தோரு வருஷம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக உட்கார்ந்து, எந்த வண்டி எத்தனை நிமிஷம் தாமதம் என்று நோட்டில் எழுதியவன். ஓய்வு கொடுத்தபோது நோட்டை வாங்கிக்கொண்டார்கள், பழக்கத்தை வாங்கிக்கொள்ள ஆளில்லை. எழுத வண்டி இல்லாததால் என்னையே எழுத ஆரம்பித்தேன். காலையில் எழுந்தது நாலு நிமிஷம் தாமதம். எதிர்வீட்டுக்காரர் வணக்கம் சொன்னதற்கு நான் சிரித்த சிரிப்பு போதாது. செருப்பைக் கோணலாக விட்டேன். இப்படி உள்ளே ஒருத்தன் உட்கார்ந்து குறித்துக்கொண்டே இருக்கிறான், அவன் குறித்ததையெல்லாம் என் வாய் வெளியே சொல்லிவிடுகிறது. பரமக்குடிச் சம்பந்தம் அப்படித்தான் போனது. வந்தவர்கள் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள், பெண் ரசத்தில் ஒரு கல் உப்பு தூக்கலாகப் போடுவாள், கோபம் வந்தால் கதவை அறைவாள், இரண்டும் என் வளர்ப்புக் கோளாறு, இந்த வீட்டு வடக்குச் சுவர் முக்கால் அங்குலம் சாய்ந்திருப்பதும் என் கவனக்குறைவுதான் என்று வரிசையாக ஒப்புக்கொண்டேன். கலந்து பேசிச் சொல்கிறோம் என்று எழுந்து போனவர்கள் ஒன்றரை வருஷமாகக் கலந்து பேசுகிறார்கள்.

அதனால் இந்த முதுகுளத்தூர் வரன் பெண் பார்க்க வந்த அன்று, நன்றாக இருந்த என்னைக் காய்ச்சல் என்று சொல்லி உள்ளறையில் படுக்க வைத்துவிட்டார்கள். வரன் அமைந்துவிட்டது. ஆனால் நிச்சயத்தன்று தட்டு மாற்றப் பெண்ணைப் பெற்றவன் எழுந்து வந்துதானே ஆகவேண்டும்? துர்கா என் முன்னால் வந்து நின்றாள். "அய்யா, எனக்கு அவுகளப் பிடிச்சிருக்கு. நீங்க தட்ட மட்டும் மாத்துங்க. வாயத் தெறந்துறாதீக" என்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது. திறப்பதில்லை என்று வாக்குக் கொடுத்தேன். பெற்ற மகள் கெஞ்சுகிற அளவுக்கு இது ஒரு வாயா என்று அதையும் உள்ளே இருந்தவன் குறித்துக்கொண்டான். இந்தச் சம்பந்தமும் என்னால் போனால் அந்தப் பிள்ளை முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? அப்போதுதான் நீ போனில் சொன்னாய்: "ஏலே, நிச்சயத்தன்னைக்குக் காலையில தேவிபட்டினம் போயி, கடலுக்குள்ள நிக்கிற நவபாஷாணக் கல்லு ஒம்பதையும் ஒம்பது சுத்துச் சுத்து. உள்ள கெடந்து நச்சரிக்கிறவன அங்கனயே கடல்ல விட்டுட்டு வா."

ஹமீது பாயின் ஆட்டோவில் போனேன். அவர் பஸ் ஓட்டிய காலத்தில் என் நோட்டில் அதிகத் தாமதம் அவர் பெயரில்தான். அப்படியும் என்னோடு சிநேகிதமாக இருக்கிற பெரிய மனசுக்காரர். புது வேட்டி சட்டையை மடித்துப் படியில் வைத்துவிட்டு, போனை அவர் கையில் கொடுத்துவிட்டு, துண்டோடு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கினேன். மணி ஏழு ஐந்து. தட்டு மாற்றுவது பதினொன்றரைக்கு. நாலாவது சுற்றில் ஒரு கோயம்புத்தூர்க்காரர், கல்லைக் கும்பிட்ட கையோடு, "மதுரைக்கு அடுத்த பஸ் எப்பங்க?" என்று கேட்டார். பஸ் நேரம் கேட்டவருக்குப் பதில் சொல்லாமல் போன பாவத்தை அப்புறம் எந்தக் கடலில் தொலைப்பது? இங்கிருந்து ராமநாதபுரத்துக்கு டவுன் பஸ், அங்கிருந்து மதுரைக்கு எந்தெந்த வண்டி, எது எங்கே டீக்கு நிற்கும் என்று எல்லாம் சொல்லிவிட்டுத் திரும்பினால், முடிந்தது நாலா ஐந்தா? முதலிலிருந்து தொடங்கினேன். அந்தத் தடவை ஏழு வரை வந்ததும், எந்தக் கல்லில் தொடங்கினோம் என்று சந்தேகம். மறுபடி முதலிலிருந்து. அதற்கடுத்த தடவை யாரோ விட்டுப்போன சேலை காலில் சுற்றி முழுசாக முங்கி எழுந்தேன். முங்கிய சுற்று செல்லுமா செல்லாதா? கரையில் டீ குடித்துக்கொண்டிருந்த ஹமீது பாயைக் கேட்டேன். "அந்தச் சட்டமெல்லாம் எனக்குத் தெரியாது சார். சந்தேகமா இருந்தா இன்னொருக்கா மொதல்ல இருந்து சுத்திருங்க" என்றார். சுற்றினேன். ஒன்பதும் முடிவதற்குள் கடல் ஏறி நெஞ்சுக்கு வந்துவிட்டது.

கரையேறினால் வேட்டி சட்டையைக் காணோம். தோஷம் கழிய ஜனங்கள் விட்டுப்போகிற துணிகளை அள்ளுகிற அம்மாள், என்னுடையதையும் தோஷத்தோடு தோஷமாகக் குப்பை வண்டியில் ஏற்றிவிட்டாள். ஈரத் துண்டோடு பின்னால் ஓடிக் கேட்டதற்கு, "இங்கன விட்ட துணிய மறுபடி உடுத்துனா, விட்ட சனியன் சட்டப் பையிலயே கூட வரும்யா. பேசாமப் போங்க" என்று எனக்கே புத்தி சொன்னாள். ஆட்டோவில் ஹமீது பாயின் மாற்றுத்துணி கிடந்தது. ஒரு காக்கிச் சட்டை, ஒரு பச்சைக் கட்டம் போட்ட கைலி. அதை உடுத்திக்கொண்டு வந்தேன்.

வீட்டு வாசலில் இறங்கும்போது பதினொன்று இருபது. பந்தலுக்கு வெளியே ஒருவர் தனியாக உலாத்திக்கொண்டிருந்தார். என் காக்கியைப் பார்த்ததும் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப்போய், "டிரைவரண்ணே, பொண்ணோட அய்யாவக் கூட்டியாரப் போன வண்டி இதுதானே? ஆளு எங்க?" என்றார். மகளுக்கு வாக்குக் கொடுத்தவன் அல்லவா, வாயைத் திறக்காமல் நின்றேன். அவர் விடவில்லை. "ரொம்பக் கறாரான மனுசனாம். நிமிசத்துக்கு நிமிசம் நோட்டுல குறிப்பாராம். அதான் உள்ள போகாம இங்கனயே சுத்திக்கிட்டு இருக்கேன். எம் பய எந்திரிக்கிறதே எட்டு மணிக்குத்தான், நாந்தான் செல்லங் குடுத்துக் கெடுத்துட்டேன். அதச் சொல்றதா, மறைக்கிறதா? இன்னைக்குன்னு பாத்துத் தாம்பாளத் தட்ட வேற வீட்டுலயே வச்சிட்டு வந்துட்டேன். என்னய மாதிரி ஒரு முட்டாப்பய உண்டாண்ணே?"

கேட்கக் கேட்க எனக்கு வயிறு குலுங்க ஆரம்பித்தது அக்கா. என் உள்ளே இருக்கிறவனுக்கு முதுகுளத்தூரில் ஒரு பங்காளி இருக்கிறான்! மகளுக்குக் கொடுத்த வாக்கு காற்றில் போனது. "நாந்தாங்க பொண்ணோட அய்யா. என் வேட்டி தேவிபட்டினத்துல குப்ப வண்டில போய்க்கிட்டு இருக்கு" என்றேன். சம்பந்தி பொன்னுச்சாமி என் முகத்தைப் பார்த்தார், கைலியைப் பார்த்தார். அப்புறம் இரண்டு பேரும் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் உள்ளே இருந்தவர்களெல்லாம் ஓடிவந்துவிட்டார்கள். துர்கா என்னைக் கண்டதும் தலையில் கைவைத்தாள், பிறகு அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வேறு வேட்டி எடுக்கப் போன என்னைச் சம்பந்தி தடுத்து, "இதுவே இருக்கட்டும் சம்பந்தி, பாக்கப் பாக்க எனக்குத் தெம்பா இருக்கு" என்றார். நம் வீட்டு எவர்சில்வர் தட்டை அவருக்கு இரவல் கொடுத்து, பச்சைக் கைலியோடு பதினொன்றரைக்குத் தட்டு மாற்றினேன்.

அக்கா, பெற்ற மகளின் நிச்சயத்துக்கு வந்தவர்களை வாசலில் நின்று வரவேற்க வேண்டிய நான் தாமதம். என் தப்பு, முழுக்க முழுக்க என் தப்பு. ஆனாலும் உள்ளே இருக்கிறவன் அதைக் குறிக்கவில்லை. கடலில் போனானா, அந்தச் சிரிப்பில் போனானா, தெரியாது. எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. இன்று காலை ஏழரைக்கு எழுந்தேன். விழிப்பு வந்த பிறகும் வேண்டுமென்றே படுத்திருந்து எழுந்தேன்.

அத்தானுக்கு என் நமஸ்காரம். பேரன் பேத்திகளுக்கு ஆசி. உன் முழங்கால் நன்றாக மடங்கி, கல்யாணத்தன்று பந்தியில் நீ சம்மணமிட்டு உட்கார நவக்கிரகங்களும் அருள வேண்டும்.

இப்படிக்கு,
உன் அதட்டலுக்கு என்றும் அடங்கிய தம்பி,
முத்துகிருஷ்ணன்.

பி.கு.: மதினிக்கு வீரலட்சுமி எழுதுறது. கவர ஒட்டிப் போடச் சொல்லி எங்கிட்டக் குடுத்தாக, அதான் இவுகளுக்குத் தெரியாம ரெண்டு வரி. விட்டு விட்டுச் சுத்துனதையெல்லாம் சேத்து எண்ணுனா, இவுக ஏழே முக்காலுக்கே ஒம்பது சுத்தையும் முடிச்சிட்டாக. கரையில இருந்து எண்ணிட்டு ஹமீது அண்ணன் எனக்குப் போன் போட்டாரு. நாந்தான், பேச்செல்லாம் முடிஞ்சு மாப்ள வீட்டுக்காரக காலப் பலகாரஞ் சாப்பிட்டுக் கைகழுவுற வரைக்கும் சொல்லிறாதீக, சுத்தட்டும்னுட்டேன். வேட்டி போனது மட்டும் எங்க ஏற்பாடு இல்ல. மத்தபடி அந்தத் தாமதத்துல இவுக தப்பு ஒண்ணுகூடக் கெடையாது மதினி. தயவுசெஞ்சு சொல்லிறாதீக. நான் வாக்கப்பட்டு வந்த நாள்ல இருந்து, இப்பத்தான் ஒரு தப்ப வச்சிக்கிட்டு நிம்மதியா இருக்காக.