‘பேட்டரிதான்’ தனபால்

மூடியைத் திறக்கும் முன்பே வண்டியின் கோளாறு இன்னதென்று தெரிந்துகொண்டுவிடும் ஓர் இனம் மனிதர்களில் உண்டு. அவர்களை நீங்கள் தேட வேண்டியதில்லை. வண்டி நின்றால் தாமே வந்துவிடுவார்கள். மலைமேல் இருக்கும் திருப்புலி நாட்டில் அப்படி வருகிறவர் பெயர் தனபால்.

பூங்குழலியின் டிராக்டர் அவளைவிடப் பத்து வயது மூத்தது. வியாழக்கிழமை காலை அது பள்ளத்து வயலில் முனகிவிட்டுப் படுத்துக்கொண்டது. மேட்டில் நின்றிருந்தால் சரிவில் உருட்டிவிட்டே கிளப்பியிருப்பாள். பள்ளத்திலிருந்து எங்கே உருட்டுவது? பிடுங்கிய மரவள்ளிக் கிழங்கு நான்கு நடைக்குக் குவிந்து கிடந்தது. சனிக்கிழமைக்குள் செம்மேட்டில் நிற்கும் லாரியில் ஏறாவிட்டால் கிழங்கு கறுத்து, ஒரு வருஷப் பாடு மண்ணாகும்.

தனபால் வந்தார். கண்ணை மூடி வண்டியை இரண்டு தட்டுத் தட்டினார்.

“பேட்டரிதான் கண்ணு.”

“ஏனுங்கண்ணா, ஆயுத பூசை வரைக்கும் நல்லாத்தானுங்க சார்ஜ் ஏறுச்சு. பெயிண்ட் அடிச்ச பொறவுதான்...”

“பேட்டரிக்குப் பூசை புனஸ்காரமெல்லாம் தெரியாது கண்ணு.”

கவனித்தீர்களா? இந்த இனத்தாரிடம் நோயாளி பேசவே கூடாது. பேட்டரி பஸ்ஸேறி அடிவாரம் போனது, சார்ஜ் ஏற்றிக்கொண்டு வெள்ளிக்கிழமை மதியம் திரும்பியது. வண்டி கிளம்பியது. ஆனால் சார்ஜ் காட்டும் மீட்டர் முள் கழித்தல் பக்கமே சாய்ந்து கிடந்தது. மலையில் பகலிலேயே பனிமூட்டம். விளக்கெரிய விளக்கெரிய பேட்டரி வடிந்துவிடும், அடுத்த நடைக்கு வண்டி கிளம்பாது.

“அப்ப டைனமோதான். நிறுத்து, கழட்டிக் காயில் கட்டக் குடுத்துடலாம். ரெண்டே நாளு.”

ரெண்டே நாள்! பூங்குழலிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்தே வந்தன.

“நிறுத்த மாட்டேனுங்க!”

பூசைக்காக அவள்தான் ஒவ்வொரு பாகமாகக் கழற்றி, இண்டு இடுக்கு விடாமல் நீலப் பெயிண்ட் அடித்திருந்தாள். டைனமோவின் மின்சாரத்தை பேட்டரிக்கு அனுப்பும் ரெகுலேட்டர் பெட்டி வெறும் இரும்பைத் தொட்டு நிற்க வேண்டும்; நடுவில் பெயிண்ட் இருந்தால் மின்சாரம் பாயாது. அதன் அடியிலும் இரண்டு கோட்டிங் கொடுத்திருந்தாள், பக்தியோடு. இப்போது ஒரு கம்பித் துண்டை எடுத்து, ஒரு முனையைப் பெட்டியிலும் மறுமுனையைப் பெயிண்ட் படாத போல்ட்டிலும் வைத்து அழுத்தினாள். முள் துள்ளிக் கூட்டல் பக்கம் போனது.

தனபால் தலையாட்டினார். “அதத்தான் கண்ணு நானும் அப்பவே சொன்னேன்.”

பெட்டிக்கு அடியில் பெயிண்டைச் சுரண்டிவிட்டு அவள் மூன்று நடை அடித்தாள். நான்காவது நடைக்கான கிழங்கு அதற்குள் கறுத்துவிட்டது. சனிக்கிழமை டீக்கடையில், பெயிண்டுதான் கோளாறு என்று தாம் கண்டுபிடித்த விதத்தைத் தனபால் விளக்கிக்கொண்டிருந்தார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் வண்டி நின்றது என்று படித்தவுடனே, “ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கும்” என்று உங்கள் மனம் தீர்ப்பு எழுதவில்லையா? பெயிண்டைப் பற்றி அவள் சொல்ல வந்தாளே, அது உங்கள் காதிலாவது விழுந்ததா?