பின்னால் போகாத கார்

"இறங்கிக் கொஞ்சம் தள்ளேன்" என்று நூலகர் மனைவியிடம் கேட்பது அந்த வாரத்தில் ஒன்பதாவது முறை. காரில் ரிவர்ஸ் கியர் விழவில்லை. வாங்கிய ஷோரூமுக்கே கொண்டுவந்தால், கேட்டில் பெரிய பூட்டு. கிளையை மூடிவிட்டார்களாம். இன்று மாலை ஐந்து மணியோடு வாரண்டி முடிகிறது.

"கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து உங்களைத் தள்ளிக்கிட்டிருக்கேன். இப்ப காரும் சேர்ந்துக்கிச்சு" என்றபடி மனைவி இறங்கினாள்.

காவலாளியும் வந்து தோள் கொடுத்தார். "பக்கத்து ஊர்க் கிளைக்குப் போங்க சார். இங்க வாங்கினவங்க எல்லாரும் இப்ப அங்கதான் போறாங்க."

அங்கே வரவேற்பில் இருந்த பெண் சர்வீஸ் புத்தகத்தைப் புரட்டினாள். "வாங்கின கிளையோட முத்திரை வேணும் சார்."

"அந்தக் கிளைதான் இல்லையேம்மா."

"இல்லைன்னு அவங்கதானே சார் சொல்லணும்?"

கோபப்படக்கூட நூலகருக்குத் தெம்பில்லை. திரும்பிப் போனார்கள். முத்திரை காவலாளியின் சாப்பாட்டுப் பைக்குள் இருந்தது.

"யாராச்சும் கேட்டு வருவாங்கன்னு பத்திரமா வச்சிருந்தேன்" என்று குத்திக் கொடுத்தார். பிறகு மறுபடியும் தள்ளல்.

மணி நாலரை. வரவேற்புப் பெண் முத்திரையை ஒப்புக்கொண்டாள். "ஆனா உங்களுக்கு முன்னாடி அறுபது வண்டி நிக்குதே சார்."

அதற்குள் பின்னால் இன்னொரு கார் வந்து ஒட்டிக்கொண்டு ஹாரன் அடித்தது. இனித் தள்ளவும் இடமில்லை. மனைவி படியில் உட்கார்ந்துவிட்டாள். "இனிமே அந்த ஆண்டவனே வந்து தள்ளட்டும்."

எண்ணெய்க் கறைச் சட்டையோடு ஒருவர் வெளியே வந்தார். அவளுடைய வீங்கிய முழங்காலைப் பார்த்தார். வாரண்டித் தேதியையும் பார்த்தார்.

"நீங்க உக்காருங்கம்மா, நான் பாக்கறேன்."

ஹாரன் அடித்தவரும் இறங்கி வந்து, "முதல்ல அவங்களத முடிங்க, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்றார்.

கறைச்சட்டைக்காரர் காருக்கடியில் புகுந்து, அறுந்த கேபிளை மாற்றி, ஐந்தடிக்க மூன்று நிமிடம் இருக்கும்போது வாரண்டிச் சீட்டில் கையெழுத்தும் போட்டார். பின்னால் இருந்தவர் வழிவிட, கார் தானாகவே பின்னால் நகர்ந்தது. நூலகருக்குக் கண் கலங்கிவிட்டது. நன்றி சொல்வதற்குள் அந்த மனிதர் அடுத்த காருக்கடியில் போய்விட்டார்.

"இப்படி ஒரு தங்கமான ஆளைக் கம்பெனி எங்க பிடிச்சுது?" என்று நூலகர் நெகிழ்ந்தார்.

தரையைப் பெருக்கிக்கொண்டிருந்த பெண்மணி நிமிர்ந்தாள். "மெக்கானிக்குங்க எல்லாரும் போன வருஷமே போயிட்டாங்க சார். அவரு வாரண்டிக்கு வண்டி விட்டுட்டு உக்காந்திருந்தவரு; காத்திருந்து காத்திருந்து வேலையக் கத்துக்கிட்டாரு."