காந்தம் அண்ணையும் புளி போட்ட சீனக்காசும்

சீனத்து வெள்ளிக்காசைக் கண்டால் "வாங்கோ, இருங்கோ" என்றும், அதைக் கொண்டுவந்த மனிதரைக் கண்டால் "இரும்" என்றும் சொல்லுகிற ஒரே பிறவி இந்தப் பூமியில் எங்கள் கோப்பாய் ஒழுங்கையின் கடைசி வீட்டில்தான் இருக்கிறார். அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. கடிதம் கொண்டுவருகிறவருக்கும் தெரியாது. ஊருக்கு அவர் காந்தம் அண்ணை.

ஒரு காலத்தில் ரேடியோவும் ஒலிபெருக்கியும் திருத்தியவர். பழைய ஒலிபெருக்கி ஒன்றிலிருந்து கழற்றிய காந்தத்தைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருப்பார். யாராவது எதையாவது வெள்ளி என்று சொன்னால் அவர் கை தானாகக் கழுத்துக்குப் போகும். ஒரு கலியாண வீட்டு வாசலில் பன்னீர் தெளிக்க நின்ற பிள்ளையின் கையிலிருந்த வெள்ளிச் செம்பில் காந்தத்தை வைத்தார். டக்கென்று ஒட்டிக்கொண்டது. இழுத்தார், செம்பும் கூடவே வந்தது. மாப்பிள்ளை வீட்டார் முழுப்பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதற்குப் பிறகு அவருக்குக் கலியாணம் சொல்ல வருகிறவர்கள், சாப்பாட்டு நேரத்துக்கு வந்தால் போதும் என்று பணிவாகச் சொல்லிவிட்டுப் போவார்கள்.

சீனக்காசுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். வடமராட்சிக் கரையில் ரங்கூனுக்கும் பினாங்குக்கும் பாய்க்கப்பல் ஓட்டிய குடும்பங்கள் இருக்கின்றன. அந்தப் பாட்டன்மார் கொண்டுவந்து போட்ட பெரிய வெள்ளிக்காசுகள் இன்னமும் பெட்டகங்களுக்குள் கிடக்கின்றன. மலாயாவில் உத்தியோகம் பார்த்தவர்களின் வீடுகளிலும் கிடக்கின்றன. பழைய நாணயம் சேகரிக்கிறவர்கள் இப்போது அவற்றைத் தேடி அலைகிறார்கள். எது அசல், எது கள்ளம், எது என்ன பெறும் என்று கேட்பதற்குக் குடாநாட்டில் காந்தம் அண்ணையை விட்டால் ஆளில்லை.

அவருக்குச் சீன எழுத்தில் ஒரு கோடுகூட வாசிக்கத் தெரியாது. எல்லாவற்றையும் படம் பார்ப்பதுபோல் பார்த்துப் பார்த்து மனப்பாடம் செய்து, ஒவ்வொன்றுக்கும் தானே பெயரும் வைத்திருந்தார். மொட்டைத்தலை இராணுவக்காரரின் முகம் உள்ள காசு மொட்டையர். பறக்கும் பாம்பு போட்ட காசு நாகதம்பிரான். பாய்க்கப்பல் போட்டது தண்டயல், அதாவது கப்பல் தலைவர்.

முதலில் காந்தம் வைப்பார். பிறகு நகைக்கடைத் தராசில் நிறுப்பார். கடைசியில்தான் பெரிய சடங்கு. காசை விரல் நுனியில் நிறுத்திப் பென்சிலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, அளவெட்டி நாதஸ்வரக்காரர் சுருதி பார்ப்பதுபோலக் கண்ணை மூடிக்கொள்வார். நல்ல வெள்ளி நெடுநேரம் இரைந்துகொண்டிருக்கும். "கதைக்கிறார்" என்பார். கள்ளக்காசு டொக் என்று அடங்கிவிடும். "இவர் ஊமை" என்று திருப்பித் தந்துவிடுவார்.

விலை சொல்வதிலும் அவருக்கென்று ஒரு முறை உண்டு. ரூபாயில் சொல்லமாட்டார். ரூபாய் கிழமைக்கொரு குணம் காட்டுகிறது, ஆடு என்றைக்கும் ஆடுதான் என்பது அவருடைய பொருளாதாரக் கொள்கை. சாதாரண மொட்டையர் ஒரு மறியாடு பெறுவார். அருமையான காசு என்றால் கறவைப்பசு. ஒருமுறை கொழும்பிலிருந்து வந்த கோட்டுப் போட்ட கனவான் ஒருவர், தன் காசு ஒன்றரை ஆடு பெறும் என்று கேட்டு, அந்த அரை ஆட்டை விளங்கிக்கொள்ள முடியாமல் தலையைப் பிடித்துக்கொண்டு போனார்.

அவரால் தாங்கமுடியாத குற்றம் ஒன்றே ஒன்று. காசை மினுக்குவது. வெள்ளியில் காலம் போகப்போக ஒரு கறுப்புத் தோல் படரும். சேகரிக்கிறவர்களுக்கு அந்தத் தோல்தான் உயிர். தேய்த்தால் தோலும் போகும், கண்ணுக்குத் தெரியாத கீறல்களும் விழும், விலையும் விழும். கரவெட்டியிலிருந்து ஒருவர் பளபளவென்று மினுக்கிய நாகதம்பிரானைக் கொண்டுவந்து சிரித்துக்கொண்டே நீட்டினார். காந்தம் அண்ணை சால்வையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு நிலத்தில் குந்திவிட்டார். பிறகு செத்தவீட்டில் கேட்பதுபோல மெல்லக் கேட்டார், "எப்ப நடந்தது?"

கறுப்புத் தோலெல்லாம் அவருடைய கிறுக்கு என்று, இந்தக் கதையை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தவன் நான். அப்படிச் சிரித்த வாய்க்குத்தான் பிறகு வந்து விடிந்தது.

என் மனைவி சறோ பருத்தித்துறைக்காரி, கடலோடிக் குடும்பம். அவளுடைய தமையன் கனடாவுக்குப் போகும்போது, பாட்டனாரின் ஐந்து சீன வெள்ளிக்காசுகளை இவளிடம் கொடுத்து, வீடு போனாலும் இது போகக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். போரில் வீடு உண்மையாகவே போனது. மூன்று இடப்பெயர்விலும் சறோ அந்தக் காசுகளைத் துணியில் முடிந்து இடுப்பில் கட்டிக்கொண்டு நடந்தாள். என் உத்தியோகச் சான்றிதழ்களையும் அவள்தான் காவினாள், ஆனால் அவற்றை இரண்டாம் இடப்பெயர்வில் மழையில் நனையவிட்டாள். காசுகளில் ஒரு துளி படவில்லை.

முப்பது வருடத்துக்குப் பிறகு மச்சான் வருகிறார் என்று செய்தி வந்தது. அவரைக் கூட்டிவர சறோ கொழும்புக்குப் போயிருந்தாள். வியாழக்கிழமை, வீட்டில் நான் தனி. வெள்ளிக்கிழமைக்காகச் சாமியறைக் குத்துவிளக்கைப் புளியும் விபூதியும் போட்டுத் தேய்ப்பது எங்கள் வீட்டில் என் வேலை. தேய்த்து முடிந்ததும் லாச்சியைத் திறந்தேன். பிஸ்கற் பேணிக்குள் ஐந்து காசும் அட்டைக்கரியாகக் கிடந்தன. முப்பது வருடம் காத்த பொருளை இந்தக் கோலத்திலா தமையன் கையில் கொடுப்பாள் என்று எனக்கு மனைவிமேல் திடீரென்று ஒரு கரிசனை வந்தது. கலியாணமாகி இத்தனை வருடத்தில் வராத கரிசனை. நாலு காசைத் தேய்த்து முடித்தபோது புளி முடிந்துவிட்டது. ஐந்தாவது தப்பியது.

நாலும் நிலவு மாதிரி ஜொலித்தன. நான் அவற்றை ஒரு தட்டில் வரிசையாக அடுக்கி, எட்ட நின்று பார்த்து மகிழ்ந்துகொண்டிருந்தபோது மச்சான் தொலைபேசியில் வந்தார். தன்னுடன் ஒரு நாணயச் சேகரிப்பாளரும் வருகிறாராம். கறுப்பாக இருந்தால்தான் பெறுமதி, சறோ அதில் கைவைக்காமல் வைத்திருக்கிறாள் என்று சொன்னதும் அந்த மனிதர் துள்ளிக் குதித்தாராம். நான் ஓம், ஓம் என்றேன்.

போர் செய்யாததை நான் அரை மணி நேரத்தில் செய்துமுடித்திருந்தேன். அதுவும் பழி என்மேல் விழாது. தமையன் அவளைத்தான் கேட்பார், உன்னை நம்பித்தானே தந்தேன் என்று. ஐந்து காசையும் எடுத்து, சேட்டுப் பொத்தான்களை மாறிப் பூட்டிக்கொண்டு ஒழுங்கையின் கடைசி வீட்டுக்கு ஓடினேன்.

சும்மா காட்டத்தான் வந்தேன் என்று ஆரம்பித்தேன். காந்தம் அண்ணை காசை எடுத்து மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"புளி," என்றார். "பழப்புளி."

சால்வை தலைக்குப் போகும் என்று காத்திருந்தேன். போகவில்லை. என் முகத்தைப் பார்த்தார், மாறிப் பூட்டிய சேட்டைப் பார்த்தார். பிறகு, "இரும்" என்றார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், மூன்று இடப்பெயர்வும் இடுப்பு முடிச்சும் உட்பட. அவர் முதல் காசில் காந்தத்தை வைத்தார். ஒட்டிக்கொண்டது.

"இரும்பு. வெள்ளி பூசியிருக்கு. உம்மடை மனிசியின்ரை பாட்டனையும் ரங்கூனிலை ஆரோ ஏமாத்தியிருக்கினம்."

என் நெஞ்சில் பால் வார்த்ததுபோல இருந்தது. கள்ளக்காசைப் புளி போட்டால் என்ன, சுண்ணாம்பு போட்டால் என்ன. இரண்டாவது காசில் காந்தம் ஒட்டவில்லை, ஆனால் நிறை நாலைந்து கிராம் குறைவு. "கள்ளம்." நான் பிள்ளையாரைக் கும்பிட்டேன். மூன்றாவது டொக் என்றது. "ஊமை." நான் எழுந்து அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினேன். காசு கள்ளம் என்று கேட்டு ஒருவன் ஆனந்தக் கண்ணீர் விடுவதை அவர் வாழ்நாளில் கண்டிருக்கமாட்டார்.

நாலாவது பாய்க்கப்பல். அதுவும் கள்ளமாக இருக்கட்டும் என்று நூற்றெட்டுத் தேங்காய் நேர்ந்தேன். பென்சிலால் தட்டினார். அது இரைந்தது, இரைந்தது, நான் எச்சில் விழுங்கிய பிறகும் இரைந்துகொண்டே இருந்தது.

"கதைக்கிறார்," என்றார். கப்பலுக்கு மேலே இருந்த மூன்று பறவைகளைக் காட்டினார். பறவை உள்ள தண்டயல் அருமையிலும் அருமை என்றார். "நேற்றைக்கு வரைக்கும் இவர் கறவைப்பசு. இண்டைக்கு ஒரு கிடாய்க்குட்டி."

ஐந்தாவது, புளி முடிந்ததால் தப்பிய நாகதம்பிரான். அதன் முகத்தில் அந்தக் காலத்துச் சீன வியாபாரிகள் சோதித்து அசல் என்று குத்திய சின்னச் சின்ன முத்திரைகள். அதைத் தட்டிக்கூடப் பார்க்காமல் காந்தம் அண்ணை எழுந்து நின்றார். "இவர் பசு. கண்டுக்குட்டியோடை சேத்து."

ஆக, என் குற்றம் நாலிலிருந்து ஒன்றாகக் குறைந்தது. பாதி மூச்சு வந்தது. கள்ளக்காசு விஷயத்தை மச்சானிடம் சொல்ல ஞாயிற்றுக்கிழமை நீங்களும் வரவேண்டும் என்று கெஞ்சினேன். வாறன் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மச்சான், சறோ, ஒரு தாடிக்காரச் சேகரிப்பாளர் எல்லோரும் கூடத்தில் இருந்தார்கள். காந்தம் அண்ணை இஸ்திரி போட்ட சேட்டோடு வந்து, மூன்று காசையும் காந்தம், தராசு, பென்சில் என்று வரிசையாகக் காட்டி ஊமையாக்கினார். மச்சான் கோபிக்கவில்லை. ரங்கூனில் தன்னை ஒருவரும் ஏமாற்ற முடியவில்லை என்று பாட்டனார் சாகும்வரை பெருமையடித்ததை நினைத்து வயிறு குலுங்கச் சிரித்தார். மூன்றும் கள்ளம் என்றதில் அவற்றின் பளபளப்பை ஒருவரும் பொருட்படுத்தவில்லை. அப்போதுதான் தாடிக்காரர் நாலாவது காசை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

"இதை ஆரோ இப்ப கிட்டடியிலை மினுக்கியிருக்கினம்."

சிரிப்பு நின்றது. மச்சான் சறோவைப் பார்த்தார். சறோவின் முகம் வெளிறிப்போனது. நான் வாயைத் திறந்தேன், அது திறந்தபடியே நின்றது.

"நான்தான்," என்றார் காந்தம் அண்ணை. "எழுத்துத் தெரியேல்லை எண்டு கொஞ்சம் புளி போட்டனான். இந்தப் பிள்ளை ஒரு தூசி படாமல்தான் வைச்சிருந்தது."

தாடிக்காரருக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. பழைய காசை ஏன் மினுக்கக்கூடாது, கறுப்புத் தோல் என்றால் என்ன, கீறல் எப்படி விழும் என்று காந்தம் அண்ணைக்குப் பத்து நிமிடம் பாடம் எடுத்தார். உலகத்திலேயே அந்தப் பாடம் தேவைப்படாத ஒரே மனிதர், கையைக் கட்டிக்கொண்டு, முதல் தரம் கேட்பவர்போல, "ஓம்... ஓம்... அப்பிடியோ?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது.

மச்சான் நாகதம்பிரானைத் தாடிக்காரருக்கு விற்றார். பறவைக் கப்பலைச் சறோவின் கையில் வைத்து, "நீ காவினது, நீயே வைச்சிரு" என்றார். அவள் அழுதாள். முப்பது வருடப் பாரம் இறங்கிய அழுகை அது. அவர்கள் போனபிறகு நான் அவளிடம் உண்மையைச் சொன்னேன். புளிப் போத்தல் காலியாகக் கிடந்தபோதே தனக்குத் தெரியும் என்றாள். இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் பாயாசம் வைத்து ஒரு தூக்குச்சட்டி நிறையக் கடைசி வீட்டுக்கு அனுப்பினாள், எனக்கு அரைக் கோப்பை.

தாடிக்காரர் சும்மா இருக்கவில்லை. காந்தம் அண்ணை காசுக்குப் புளி போடுகிறார் என்ற கதை பருத்தித்துறைவரை போய்விட்டது. இரண்டு மாதம் ஒருவரும் அந்த வீட்டுப் படலையைத் திறக்கவில்லை. ஊருக்கு உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று நான் போய் நின்றேன். "விசரே உமக்கு? உம்மடை மனிசியின்ரை பேர்தான் அடிபடும்," என்று அதட்டினார். அந்த இரண்டு மாதமும் பின்னேரங்களில் போய் அவருக்கு முன்னால் இருந்தேன். அவர் தராசைத் துடைப்பார், நான் தேத்தண்ணி குடிப்பேன்.

இப்போது ஆட்கள் திரும்ப வரத் தொடங்கிவிட்டார்கள். நேற்றுக்கூட மூன்று மோட்டார்சைக்கிள்கள் வாசலில் நின்றன. எனக்கு இனி அங்கே ஒரு வேலையும் இல்லை, ஆனாலும் பின்னேரமானால் கால் அந்தப் பக்கம்தான் போகிறது. அவரைக் காணாவிட்டால் எனக்கு அன்றைய பொழுது படுவதில்லை.