ஜன்னலுக்குள் இரண்டு நாற்காலி

பொம்மையின் முழங்காலில் இடித்துக்கொண்டு "மன்னிச்சுக்கங்க சார்" என்று சொன்ன பிறகுதான், சொன்னது பொம்மையிடம் என்பது ஜன்னலக்காவுக்கு உறைத்தது. அதைவிட மோசம், பதிலுக்கு அது "ம்" என்றது போலவும் இருந்தது.

துணிக்கடையின் முகப்புக் கண்ணாடிக்குள் இருக்கும் பொம்மைகளுக்கு உடுத்திவிடுவது அவள் வேலை. அதனால்தான் கடையில் அத்தனை பேருக்கும் அவள் ஜன்னலக்கா. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. இந்த மாதம் தப்பில்லாமல் ஓடிவிட்டால் ஆகிவிடும் என்று மேனேஜர் வாக்குக் கொடுத்திருந்தார். மேனேஜர் எதைச் சொன்னாலும் "புரிஞ்சுதா?" என்றுதான் முடிப்பார். புரியாவிட்டாலும் தலையாட்டிவிட வேண்டும்.

அவர் வந்ததும் செய்த முதல் காரியம், கடையிலிருந்த முக்காலிகளை ஏறக்கட்டியது. "விக்கிறவங்க உட்கார்ந்தா வாங்கறவங்க நின்னுடுவாங்க. யாராவது உட்கார்ந்ததைப் பார்த்தேன், சீட்டைக் கிழிச்சுடுவேன். புரிஞ்சுதா?"

அன்றிலிருந்து காலை முதல் இருட்டும்வரை எல்லோரும் நின்றார்கள். கடை முழுவதும் மிஞ்சியவை ஜன்னலுக்குள் இருந்த இரண்டு நாற்காலிகள். அவை பொம்மைகளுக்கு.

ஒன்றில் பெண் பொம்மை. இன்னொன்றில் இருந்த ஆண் பொம்மைக்கு மணிக்கட்டு உடைந்துபோனதால், போன வாரமே ஜன்னலக்கா அதைக் கிடங்கில் கொண்டுபோய்ப் படுக்க வைத்திருந்தாள். அதன் கோட்டு, தொப்பி, மஃப்ளர், கறுப்புக் கண்ணாடி எல்லாம் காலி நாற்காலியில் கிடந்தன. அப்படியிருக்க, இப்போது இடித்தது யாரை?

அவள் வெளியே ஓடிவந்து பெருக்கிக்கொண்டிருந்த அம்மாளைப் பிடித்தாள்.

"அந்த ஆம்பளை பொம்மையை நீங்களா கொண்டுவந்து வெச்சீங்க?"

"நானா? அதுங்க முழிக்கிற முழி எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. நான் கிட்டயே போறதில்ல."

இருவரும் திரும்பிப் போய்ப் பார்த்தபோது நாற்காலி காலி. கோட்டு மட்டும் கிடந்தது. பெருக்குகிற அம்மாள் ஜன்னலக்காவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, துடைப்பத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நகர்ந்தாள்.

வீட்டில் புருஷனிடம் சொன்னாள். அவன் லாரி ஓட்டுகிறவன்.

"வீட்டுச் சாவியை ஃபிரிட்ஜுக்குள்ள வெச்ச. நேத்து கதவைத் திறந்து என்னைப் பார்த்து 'என்ன சைஸ் வேணும்'னு கேட்ட. அப்பவே நினைச்சேன்" என்றான். "ரோட்டுல இல்லாத ஆளு குறுக்க நடக்க ஆரம்பிச்சா வண்டியை ஓரங்கட்டிடணும். இன்னும் கொஞ்ச தூரம்தானேன்னு ஓட்டக் கூடாது."

"நிரந்தரம் ஆகட்டும். அப்புறம் ஓரங்கட்டறேன்."

"அதுக்குள்ள நீ நிரந்தரமா படுத்துடாம இருக்கணும்."

மறுநாள் அவள் கிடங்கைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். சரக்கு எடுக்க முடியாமல் கடையே அல்லோலகல்லோலப்பட்டது. அத்தனை திட்டையும் வாங்கிக்கொண்டு, மதியம் சாப்பிட்டுவிட்டுத் தெரு வழியாக வந்தால், கண்ணாடிக்குப் பின்னால் அது உட்கார்ந்திருக்கிறது. நேற்று இடக்கால்மேல் வலக்கால். இன்று வலக்கால்மேல் இடக்கால்.

ஓடிப்போய்க் கிடங்கைத் திறந்தாள். உடைந்த பொம்மை வைத்தது வைத்தபடி விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. அப்படியென்றால் ஜன்னலில் இருப்பது எது?

வருவது வரட்டும் என்று ஜன்னலின் பின்கதவைத் திறந்து, அதன் முகத்தைப் பார்க்காமல், மஃப்ளரின் நுனியை நாற்காலி முதுகோடு முடிச்சுப் போட்டாள். விரல் கழுத்தில் பட்டது. கழுத்து சூடாக இருந்தது. வெயில் பட்டிருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.

சற்று நேரத்தில் உள்ளே தடாலென்று சத்தம். ஓடிப் பார்த்தால் நாற்காலி கவிழ்ந்து கிடந்தது, மஃப்ளர் நீண்டு கிடந்தது, ஆள் இல்லை.

அடுத்த நாள் மேனேஜர் தொண்டை கட்டிக்கொண்டு வந்து எரிந்து விழுந்தார். "ஜன்னலுக்குள்ள முடிச்சு கிடிச்சு எதுவும் போடக் கூடாது. புரிஞ்சுதா?"

இவருக்கு எப்படித் தெரிந்தது? தனக்குப் பைத்தியம் என்று கடை முழுக்கப் பேசிக்கொள்கிறார்களோ? அந்தக் குழப்பத்தில் பெண் பொம்மைக்குச் சட்டையை முன்பின்னாக மாட்டினாள். அசையாமல் நின்றிருந்த ஒரு வாடிக்கையாளரின் முதுகில் விலைச்சீட்டைக் குத்தினாள். அவர் அலறிய அலறலில் மேனேஜர் வந்தார்.

"இன்னும் ஒரு தப்பு, நிரந்தரமும் இல்ல, வேலையும் இல்ல. சட்டையைச் சரியா மாட்டு. புரிஞ்சுதா?"

தலையாட்டினாள். மதியம் கடை ஓய்ந்ததும் ஜன்னலுக்குள் போனாள். அது அங்கே இருந்தது. கோட்டு, தொப்பி, மஃப்ளர், கறுப்புக் கண்ணாடி, கால்மேல் கால். கத்தியிருக்க வேண்டும். கத்துவதற்குக்கூட அவளிடம் தெம்பில்லை. தெருவில் போகிறவர்கள் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தார்கள். முழங்கால்கள் தாமாகவே மடிந்தன. ஓரங்கட்டு என்று புருஷன் காதுக்குள் சொன்னான்.

பெண் பொம்மையைத் தூக்கி மூலையில் நிறுத்தினாள். அதன் தொப்பியைத் தன் தலையில் வைத்துக்கொண்டு, அதன் நாற்காலியில் உட்கார்ந்தாள். எத்தனை மாதத்துக்குப் பிறகு கடைக்குள் உட்கார்கிறாள். சுகத்தில் அழுகையே வந்துவிட்டது. பக்கத்தில் இருப்பது பேயோ பிசாசோ, இருந்துவிட்டுப் போகட்டும். கால் வலி பேயைவிடப் பெரிது. இமைகள் கனத்து இறங்கின.

பக்கத்து நாற்காலியிலிருந்து, உதடு அசையாமல், கட்டிப்போன தொண்டையோடு ஒரு குரல் வந்தது.

"கண்ணை மூடாதம்மா, பொம்மை கண்ணை மூடாது. நான் அதுக்குத்தான் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கறது. புரிஞ்சுதா?"