ஞானஜோதி ஆன்ட்டியின் கைப்பைக் காந்தம்

தாம்பரம் தொடங்கிக் கூடுவாஞ்சேரி வரை இன்று மனித குலம் நிமிர்ந்து நடமாடுகிறது என்றால், அதற்கு டாக்டர்கள் காரணமில்லை, மருந்துகள் காரணமில்லை, கடவுளுக்குக்கூட இதில் பாதிப் பங்குதான். மீதிப் பங்கு, ஞானஜோதி ஆன்ட்டி தன் வீட்டு பிரிட்ஜ் கதவிலிருந்து பிடுங்கிக் கைப்பையில் போட்டுவைத்திருக்கும் அன்னாசிப்பழக் காந்தத்துக்கு.

குழாய் சுரண்டிகள் என்று ஓர் இனம் இருக்கிறது, வாசகரே. நீங்களும் பார்த்திருப்பீர்கள். மற்றவர்கள் ஒரு வீட்டுக்குப் போனால் சோபாவைப் பார்ப்பார்கள், டிவி எத்தனை அங்குலம் என்று பார்ப்பார்கள். இவர்கள் நேராகச் சமையலறைக்குப் போய், சிங்க்குக்கு அடியில் குனிந்து, குழாயில் காந்தத்தை வைத்துப் பார்த்து, ஒட்டவில்லை என்றால் வீட்டுச் சாவியால் சுரண்டி, சுரண்டிய இடம் வெள்ளி மாதிரி மின்னுகிறதா என்று கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்து, நிமிரும்போது மண்டையை சிங்க்கில் இடித்துக்கொள்வார்கள். கட்டாயம் இடித்துக்கொள்வார்கள். அது சடங்கு.

கூடுவாஞ்சேரிக் கல்யாண மண்டபத்தில் கை கழுவும் குழாயைச் சுரண்டிவிட்டு, "ஈய பைப்! விஷம்!" என்று ஆன்ட்டி ஒரு பந்தியையே எழுப்பிவிட்டார். அது எவர்சில்வர். பள்ளிக்கரணையில் பெண் பார்க்கப் போன இடத்தில், "பொண்ணு இருக்கட்டும், தண்ணி எந்த பைப்ல வருது?" என்று கேட்டார். சம்பந்தம் அத்தோடு சரி. எங்கள் வீட்டு அலுமினிய ஏணியையும் ஒருநாள் சுரண்டினார். ஏணியில் யாராவது தண்ணீர் குடிப்பார்களா?

ஆகவே, ஆன்ட்டி "ஈயம்" என்றாலே ஊர் காதில் வாங்காமல் காபியை உறிஞ்சிக்கொண்டு தலையாட்டும். வம்பு அங்கேதான் ஆரம்பம்.

எங்கள் சர்ச்சில் கீபோர்டு வாசிக்கும் எப்சி அக்கா, மாடம்பாக்கத்தில் ஒரு பழைய வீட்டின் கீழ்ப்பகுதிக்குக் கைக்குழந்தையோடு குடிவந்தார். புது வீட்டு ஜெபம். போதகர் சுந்தர்சிங் எல்லாரையும் கண்ணை மூடச் சொன்னார். அவருடைய ஜெபம் வாசற்படியில் கிளம்பி, ஒவ்வொரு ஜன்னலாக நின்று ஆசீர்வதித்து, மொட்டைமாடி டாங்க் வரைக்கும் போய்த்தான் திரும்பும். ஜன்னல்கள் முடிவதற்குள் சமையலறையில் ஒரு சத்தம். கிரீச். நான் கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தேன். தட்டில் சமோசா ஆளுக்கு ஒன்றா இரண்டா என்று தெரிய வேண்டாமா?

ஆமென் சொன்னதும் ஆன்ட்டி மண்டையைத் தடவிக்கொண்டு வந்தார்.

"எப்சி, பாப்பாவுக்கு எந்தத் தண்ணிம்மா?"

"குழாய்த் தண்ணிதான் ஆன்ட்டி. கேன் தண்ணி அவளுக்கு ஒத்துக்கல. நல்லா காய்ச்சித்தான் பால் பவுடர் கலக்கறேன்."

"காய்ச்சினா கிருமி சாகும். ஈயம் சாகுமா? கொழந்த மூளைக்கே கேடும்மா. இது நெஜமாவே ஈய பைப்!"

சமோசா வாயோடு எல்லாரும் சிரித்தார்கள். மரியாதைக்காக மாடியிலிருந்து இறங்கி வந்திருந்த வீட்டுக்காரர் ஸ்ரீநிவாசராகவன் சார், "மேடம், எங்காத்துல ரசமே ஈயச் சொம்புலதான்" என்றார்.

"அது வெள்ளீயம் சார். இது காரீயம்."

"எங்கப்பா போட்ட பைப். நான் அந்தத் தண்ணியக் குடிச்சு வளந்தவன். என் மூளைக்கு என்ன குறைச்சல்?"

எல்லாரும் அவசரமாக இன்னொரு சமோசாவை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்கள்.

எல்லாரும் போன பிறகு நான் சிங்க்குக்கு அடியில் எட்டிப் பார்த்தேன். மங்கிய சாம்பல் நிறம். சாவி பட்ட கீறல் மட்டும் பளபளத்தது. என் நகம் பட்டதற்கே கோடு விழுந்தது. எவர்சில்வரில் விழுமா? பாப்பா ஜெரூஷா தவழ்ந்து வந்து, என் மூக்கைப் பிடித்து இழுத்துவிட்டு, காலிப் பால் புட்டியை நீட்டினாள். எனக்குக் குழந்தைகளைப் பிடிக்காது. மூக்கு வலித்தது, அவ்வளவுதான்.

அந்த வாரம் ஸ்ரீநிவாசராகவன் சாருக்கு ஒரு போன் வந்ததாம்.

"குடிநீர் ஆபீஸ்லேர்ந்து பேசறோம் சார். உங்க வூட்ல ஈய பைப் கீதுன்னு கம்ப்ளெயின்ட். சீக்கிரம் மாத்திடுங்க. இன்ஸ்பெக்‌ஷன் வந்தா பேஜாராயிடும்."

பேசிய அதிகாரியின் குரல் நடுவில் கீச்சென்று உடைந்ததாம். "பாவம், ஜலதோஷம் போலருக்கு" என்று சார் சர்ச் வாசல்வரை வந்து எல்லாரிடமும் சொன்னார். அந்த அதிகாரி யாரென்று எனக்கு எப்படித் தெரியும்? எப்படியோ பிளம்பர் வந்தார், பழைய குழாய் போனது.

பாப்பாவின் முதல் பிறந்தநாளுக்கு ஸ்தோத்திர ஜெபம். மறுபடியும் கண்ணை மூடினோம். மூடினோம் என்றால், மற்றவர்கள். நான் மெல்லச் சமையலறைக்கு நழுவினேன். சிங்க்குக்குக் கீழே புது பிளாஸ்டிக் குழாய் வெள்ளை வெளேரென்று இருந்தது. ஆனால், கண்ணுக்குத் தெரியும் இடத்தில் மட்டும் மாற்றியிருந்தால்? காஸ் சிலிண்டருக்குப் பின்னால், சுவருக்குள் நுழைகிற இடத்தில் பழையதற்கே வெள்ளை பெயின்ட் அடித்துவைத்திருந்தால்? குனிந்தேன். சாவியை எடுத்துச் சுரண்டினேன். கிரீச். வெள்ளைத் தூள் உதிர்ந்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். உள்ளேயும் வெள்ளைதான். அப்பாடா.

ஆகவே வாசகரே, இந்த இனத்தின் பக்கத்தில் நின்று சிரிக்காதீர்கள், தொற்றிக்கொள்ளும். இதைப் படிக்கிறபோதே உங்கள் கண் ஒருமுறை உங்கள் வீட்டு சிங்க் பக்கம் போய் வந்ததா இல்லையா? உண்மையைச் சொல்லுங்கள். சாவி எந்தப் பாக்கெட்டில் இருக்கிறது?

நிமிர்ந்தேன். ணங். மண்டை சிங்க்கில்.

சமையலறை வாசலில் ஞானஜோதி ஆன்ட்டி, கைகளைக் கூப்பி, தலையைத் தாழ்த்தி, ஒரு கண்ணை மட்டும் திறந்துகொண்டு பக்தியாக நின்றிருந்தார். ஹாலில் போதகர் இன்னும் பாப்பாவின் கல்லூரிப் படிப்புக்காக ஜெபித்துக்கொண்டிருந்தார்.

ஆன்ட்டி என் பக்கம் குனிந்து கிசுகிசுத்தார்:

"ஜலதோஷம் சரியாச்சா, ஆபீசர் சார்?"