மூட்டும் முன்பே அணைந்த சூளை

விருத்தாசலம்,
வெள்ளிக்கிழமை காலை.

அன்பு மருமகள் மதிவதனிக்கு, பீங்கான் பட்டறை கொளஞ்சிநாதன் மாமா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அத்தையும் சூளையும் நலம். சென்னையில் உன்னையும் உன் கம்ப்யூட்டரையும் பழமலைநாதர் பார்த்துக்கொள்வார். போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் புதன்கிழமை உன்னிடம் பேசிய பேச்சுக்குப் பிறகு போனைத் தொடவே கூச்சமாக இருக்கிறது.

முதலில் உன்னை மனதாரப் பாராட்டிவிடுகிறேன். சூளையை மூட்டிய நேரத்தையும் அணைத்த நேரத்தையும் போட்டால் போதும், ஆறுவதற்கு முப்பத்தாறு மணி நேரம் கூட்டி, செங்கல் அடுக்கி மூடிய கதவைப் பிரிக்கும் நேரத்தை உன் இணையப் பக்கம் சொல்லிவிடுகிறது. அந்த நேரத்தை நீ எங்கேயும் எழுதியே வைக்கவில்லையாமே, கேட்கும்போதெல்லாம் அதுவே புதிதாகக் கணக்குப் போடுகிறதாமே! ஆரம்பத்தில் காலை பத்து மணிக்கு அணைத்த சூளையை விடிகாலை நாலரைக்கு அணைத்ததாகக் காட்டியது. “மாமா, அது வெளிநாட்டு நேரத்துல ஓடுது, அஞ்சரை மணி நேரம் கூட்டணும்” என்று ஒரே வரியில் சரிசெய்தாய். அடுத்து, இன்று பிரிக்க வேண்டிய சூளை எது என்று கேட்டால் பட்டியல் காலியாக வந்தது. வெறுமனே தேதியைக் கேட்டால் அது நள்ளிரவு பன்னிரண்டு மணியை மட்டும்தான் தேடுமாம், பன்னிரண்டிலிருந்து மறு பன்னிரண்டு வரை கேட்க வேண்டுமாம், தேதி மாறுவதே அப்போதுதானாம். நானும் பாடம் படித்துக்கொண்டேன். ராகு காலத்தில் கதவைப் பிரிக்க மாட்டோம் என்றேன், சிரிக்காமல் அதையும் சேர்த்துக் கொடுத்தாய். ராகு காலம் பார்க்கிற கம்ப்யூட்டர் என்னிடம் இருக்கிறது என்று ஜங்ஷன் டீக்கடை வரை சொல்லி வைத்திருக்கிறேன்.

அந்தப் பெருமைதான் என்னைக் கெடுத்தது. ஞாயிறன்றே மங்களூரில் ஒரு புதுவீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டேன். திங்களன்று சூளையை மூட்டச் சொல்லியிருந்தேன். உள்ளே இருந்தவை நானூறு குங்குமச் சிமிழ்கள். நம் பட்டறைக் காசியம்மாள் தன் மகள் துர்காவின் கல்யாணத்தில் தாம்பூலத்தோடு கொடுப்பதற்காக ஒவ்வொன்றிலும் தானே பூ வரைந்தவை. கல்யாணம் வரும் ஞாயிற்றுக்கிழமை, இன்னொரு முறை சுட நேரமில்லை. புதன் மதியம் நான் திரும்பியபோது பட்டறையில் ஆளில்லை. காசியம்மாள் பத்திரிகை வைக்கப் போயிருந்தாள். பர்னர் பார்க்கும் மாயவன் தன் ஊர் கருவேப்பிலங்குறிச்சியில் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் விட்டுப்போன சீட்டில் ‘அணைத்தது செவ்வாய் ராத்திரி 1.30’ என்று இருந்தது. பன்னிரண்டு மணிக்கே தேதி மாறிவிடும் என்று படித்தவன் அல்லவா நான், செவ்வாய் பிறந்து ஒன்றரை மணி நேரம் என்று எடுத்துக்கொண்டு அப்படியே உன் பக்கத்தில் போட்டேன். முப்பத்தாறைக் கூட்டினால் புதன் மதியம் ஒன்றரை, ராகு காலமும் அப்போதுதான் முடிகிறது. சுவர் சுட்டது. விருத்தாசலத்து வெயிலில் எந்தச் சுவர்தான் சுடாது? ஆனால் உன் பக்கம், மூட்டியது செவ்வாய் காலை ஒன்பது, மூட்டும் முன்பே அணைத்திருக்கிறீர்கள், சரிபார்க்கவும் என்று சிவப்பில் காட்டிப் பிடிவாதம் பிடித்தது. கல்யாண அவசரத்தில் காசியம்மாள் மூட்டிய நாளைத் தப்பாகப் போட்டுவிட்டாள், உன் பக்கமும் அதை நம்பிவிட்டது என்று நினைத்துத்தான் உன்னிடம் கத்தினேன்.

“மூட்டாம எப்படிம்மா அணைக்க முடியும்? உங்க காலேஜுல இதத்தான் சொல்லிக் குடுத்தாங்களா?”

“பத்து நிமிஷம் குடுங்க மாமா, மாயவன் அண்ணன்கிட்ட கேட்டுட்டு வரேன்” என்றாய். குரலை உயர்த்தவில்லை.

டீசல் வராததால் செவ்வாய்தான் மூட்டினார்களாம். மாயவனை எழுப்பிக் கேட்டபோது அவன் சொன்ன பதிலை நீயே சொல்லிக் காட்டினாய்: “பொழுது விடியாம எப்படிங்க புதன்கிழம வரும்?” அணைத்த கிழமையை ஒரே இடத்தில் புதன் என்று மாற்றினாய். பிரிக்கும் நேரம் தானாகவே வியாழன் ஒன்றரைக்குப் போனது, அங்கே ராகு காலம் இருக்கக் கண்டு மூன்று மணிக்கு நகர்ந்துகொண்டது. என் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது மருமகளே. மாயவனைத் திருத்தாமல் பக்கத்தைத் திருத்தினாயே, அதுதான் படிப்பு! இப்போது ராத்திரி நேரம் எதைப் போட்டாலும், விடிந்தால் என்ன கிழமை என்று அதுவே கேட்கிறது. நேற்று மூன்று மணி வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்து பிரித்தோம். ஒரு சிமிழ்கூட வெடிக்கவில்லை.

உன் அம்மாவுக்கு, அதாவது என் அக்காவுக்கு, என் வணக்கம். நீ வேலையில் மேன்மேலும் உயர்ந்து, நினைத்ததெல்லாம் கைகூடி, நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
உன் பெருமையே பேசித் திரியும்
கொளஞ்சிநாதன் மாமா

பி.கு.: உறையை ஒட்டிவிட்டுப் பிரித்து எழுதுகிறேன். ஒன்றுகூட வெடிக்கவில்லை என்றது பொய். நீ கேட்ட அந்தப் பத்து நிமிஷத்தை நான் கொடுக்கவில்லை. போனை வைத்த கையோடு கதவில் நாலு செங்கல்லை உருவிவிட்டேன். அனல் முகத்தில் அடித்ததும் திரும்பச் சொருகினேன். முன்வரிசையில் பதினொரு சிமிழ் வெடித்துவிட்டது. நேற்று காசியம்மாள் அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு, “போவுதுங்க, சின்னப் புள்ள போட்ட கணக்குதான, கொஞ்சம் முன்னப் பின்ன இருக்கும்” என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. அதுதான் என்னைத் தூங்க விடவில்லை. கதவைப் பிரித்த நேரம் என்ற கட்டத்தில் வியாழன் மூன்று மணி என்று போட்டிருக்கிறேன். அதைப் புதன் மதியம் ஒன்று முப்பத்தைந்து என்று மாற்றிவிடு. பட்டப்பகல், கிழமையில் சந்தேகமே வராது. ஆறவிட்ட நேரம் பன்னிரண்டு மணி ஐந்து நிமிஷம் என்று தானாகக் கணக்குப் போட்டுக் காட்டும். காட்டட்டும். காசியம்மாளைக் கூப்பிட்டு நானே அதைப் படித்துக் காட்டுகிறேன்.